அம்மா தின்ற பலப்பங்கள்

மூன்றாம் வகுப்பு படித்த வருடம் நான் பாதி நாள் முட்டி போட்டபடிதான் படித்தேன். எல்லாம் பலப்பத்தால் வந்தது. சிலேட்டில் எழுதும் குச்சியைத்தான் எங்கள் ஊரில் பலப்பம் என்போம். திங்கட்கிழமை முழுக் குச்சியாகப் பையில் போட்டு வைத்தால் புதன்கிழமை காலையில் பையில் ஒன்றும் இருக்காது. "சிலேட்டு இருக்குது, பலப்பம் எங்கடி? தின்னுட்டியா?" என்று டீச்சர் கேட்பார். வகுப்பே சிரிக்கும். நான் சுவரோரமாகப் போய் முட்டி போடுவேன்.

எனக்குத் தம்பிமேல்தான் சந்தேகம். ஐந்து வயது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கிறவன். ஒரு நாள் அவனைப் பிடித்து, வாயைப் பிளந்து, நாக்கில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். அவன் அலறிய அலறலுக்கு அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அன்று அடுப்படி வாசலில் நின்று எங்களையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணாமலையார் கோயில் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஓட்டுவீடு. அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கம் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவர். அம்மா ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். எனக்கு இன்னொரு தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று சந்தில் எல்லாரும் சொன்னார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுகிறது என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியில் நறநறவென்று ஒரு சத்தம். எலி ஏதோ கடிக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் என் பலப்பம். பாதி அவள் வாயில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வெல்லக்கட்டியைக் கூட யாரும் அவ்வளவு ஆசையாக மென்று நான் பார்த்ததில்லை.

நான் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு முகமே செத்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

"கிட்ட வாடி. கத்தாத." என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "என்னானு தெரியலடி. வாயி நமநமங்குது. மழ பேஞ்சு செவுரு நனஞ்சா அந்த வாசனையில உசுரே போவுது. செவுத்த சுரண்டித் தின்னுடுவேனோன்னு பயமா இருக்குது. அதான் இத எடுத்தேன்."

"தம்பிய அடிச்சிட்டேனே."

அம்மா என் ஈரத் தலையை முந்தானையால் துவட்டினாள். "அப்பாகிட்ட சொல்லாதடி. பைத்தியம்னு நெனைப்பாரு" என்றாள்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் ஒரு ரகசியம் உண்டாகிவிட்டது. பலப்பம் காணாமல் போனால் முட்டி போட வேண்டும் என்பதால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கரும்பலகைக்குக் கீழே விழுந்து கிடக்கும் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டு வருவேன். சாயங்காலம் தம்பிக்குத் தெரியாமல் அம்மா கையில் கொடுப்பேன். வாங்கும்போது அவள் வெட்கப்படுவாள். ஆனால் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிச்சலைப் பார்க்கத்தான் தினமும் பொறுக்கினேன்.

இந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம், யார் என்று சொல்லாமல், பலப்பம் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை. "வயித்துல கல்லாயிடும். எங்க தெருவுல ஒருத்தங்க அப்படித்தான் செத்தாங்க" என்றாள். அம்மாவின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு பாப்பா இருக்கிறதே. கல்லும் பாப்பாவும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும்? பாப்பாவே கல்லாகிவிடுமா? அன்று சாயங்காலம் வெறுங்கையோடு போனேன். அம்மா என் பாவாடை முடிச்சைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்காதது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் மறுபடியும் பொறுக்கினேன்.

சரியாக நாலாவது நாள் அம்மா குழாயடியில் விழுந்தாள். காலை நேரம். நான் சின்னக் குடத்தோடு அவள் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன். தலையைச் சுற்றுகிறது என்று ஒரு கையை நீட்டினாள், பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பித்தளைக்குடம் உருண்டு சாக்கடை வரைக்கும் போனது. பெண்கள் கூடி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மாவின் உதடு, கன்னம், காது எல்லாம் வெளுத்திருந்தன. நான் கொடுத்த சாக்பீஸ் வெள்ளை வயிற்றிலிருந்து முகத்துக்கு ஏறிவிட்டது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்பா பஸ்ஸை வேறு ஆளிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். ரிக்‌ஷா வைத்து அம்மாவைத் தேரடிப் பக்கம் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா முதலில் அம்மாவின் கீழ்க்கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பி கண்ணில் தூசி விழுந்தபோது பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு அங்கேயும் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்று கத்திவிட்டேன். "சாக்பீஸ் நான்தான் பொறுக்கியாந்து குடுத்தேன். தினமும் குடுத்தேன்."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா மட்டும் திடுக்கிடவில்லை. இதைத்தான் எதிர்பார்த்தவர் போல அம்மாவிடம், "எத்தனை மாசமா இந்த ஆசை?" என்றார்.

"அஞ்சாம் மாசத்துலேர்ந்துங்க."

"அரிசி?"

"அதுவும் திம்பேங்க."

டாக்டரம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நீ குடுத்ததால அம்மா வெளுக்கல. அம்மா ரத்தத்துல இரும்புச் சத்து ரொம்பக் கம்மி. அது கம்மியானா செல பேருக்கு மண்ணு, சாம்பல், பலப்பம்னு கேக்கும். நீ குடுக்கலன்னாலும் எங்கயாவது தேடித் தின்னுருப்பாங்க. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். நம்பவில்லை. ரத்தத்தில் இரும்பு எப்படி இருக்கும்? இரும்பு என்றால் எனக்கு அப்பா ஓட்டும் பஸ்தான். பெரியவர்கள் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்.

"என்னம்மா சாப்பிடறே?" என்று டாக்டரம்மா அம்மாவைக் கேட்டார்.

"எல்லாந்தாங்க சாப்பிடறேன்."

"காலையில?"

"டீ."

"மத்தியானம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இருக்கறதச் சாப்பிடுவேங்க. நடுவுல பசிச்சா டீ போட்டுக்குவேன்."

அப்பாவுக்கு இது மானப்பிரச்சினையாகிவிட்டது. "வூட்ல ஒண்ணுத்துக்கும் கொறச்சல் இல்லீங்க டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம தவறாம கறி எடுத்தாறேன். முட்ட வாங்கறேன். கேட்டுப் பாருங்க."

அது உண்மை. அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். டாக்டரம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார். "இந்த மாத்திரையத் தினமும் போடணும். போட்டா மலம் கருப்பாப் போகும், பயந்து நிறுத்தக்கூடாது. எலுமிச்சம்பழச் சாறு இல்லன்னா நெல்லிக்காயோட போட்டா நல்லாச் சேரும். மாத்திர போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. முருங்கைக்கீர, கேழ்வரகு, பேரீச்சம்பழம் தாராளமாக் குடுங்க. ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், வாரத்துக்கு ரெண்டு வாட்டி குடுத்தா ரொம்ப நல்லது." பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம், "பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகத்தான் செய்யும். இப்ப இருக்கற நெலமையில இவங்களால அதத் தாங்க முடியாது. இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு" என்றார்.

அவர் குரலைத் தாழ்த்தியது எனக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. தாழ்த்தியதால்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

வெளியே வரும்போது டாக்டரம்மா என்னிடம், "மாத்திரைக்கு நீதான் பொறுப்பு" என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். தினமும் அம்மா முன்னால் உட்கார்ந்து, மாத்திரையைக் கொடுத்து, எலுமிச்சம்பழத் தண்ணீரைக் கொடுத்து, விழுங்கியதும் "வாயத் தெற" என்பேன். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்ப்பேன். ஒரு மணி நேரம் அடுப்படி வாசலை விட்டு நகர மாட்டேன். அம்மா டீத்தூள் டப்பா பக்கம் கையை நீட்டினாலே கத்துவேன். "ராட்சசிடி நீ" என்று சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். உடனே எனக்குப் பயம் வந்துவிடும்.

சுவரொட்டி மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அதற்குள் கார்த்திகை பிறந்து கோயிலில் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறினால் மலைமேல் தீபம் எரிந்து முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. தீபத்துக்குப் பத்து நாள், அது எரிகிற பதினோரு நாள், மொத்தம் மூன்று வாரம். அப்பா பேரீச்சம்பழம் வாங்கி வந்தார், கேழ்வரகு மாவு அரைத்து வந்தார், யார் வீட்டு மரத்திலோ கேட்டு முருங்கைக்கீரை ஒடித்து வந்தார். கறி என்றதும் முகம் வாடிவிட்டது. "தெனம் அறுவது உசுர வெச்சிக்கினு ஸ்டியரிங் புடிக்கறேன். அண்ணாமலையார் காப்பாத்தறாரு. இந்த ஒரு மாசம் நான் தவறினதே இல்ல" என்றார். அம்மாவும், "தீபம் முடியட்டும், என்னா அவசரம்" என்றாள்.

எனக்கு அவசரமாக இருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று வாரம் போனால் மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டுப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கறிக்கடைக்குப் போனேன். அங்கே பாய்க்கு எங்கள் வீட்டில் எல்லாரையும் தெரியும்.

"சுவரொட்டி வேணும் பாய். அம்மாவுக்கு."

"கொடி ஏறிடுச்சே பாப்பா. உங்கப்பாவா அனுப்பிச்சாரு?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு குழாயடியில் விழுந்ததிலிருந்து டாக்டரம்மா குரலைத் தாழ்த்தியது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பலப்பத்தை மட்டும் சொல்லவில்லை. பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்தா உங்கம்மா ஆக்குவாங்களா, சொல்லு? ஆக்க மாட்டாங்க. நாளைக்கு உங்கப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அப்புறம், "அழுவாத. தீபம் முடிஞ்ச மொத ஞாயித்துக்கெழம உங்கம்மாவுக்குன்னு எடுத்து வெக்கறேன். எவ்ளோ பெரிய ஆள் வந்து கேட்டாலும் தரமாட்டேன். போம்மா" என்றார்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வீடு நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பிள்ளைகளோடும் அவர்கள் ஊர்க்காரர்களோடும் வந்து இறங்கினாள், மொத்தம் பதினோரு பேர். அம்மா விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டினால் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றாள். வீங்கிய காலோடு அவள் நின்று பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் மாத்திரை டப்பாவும் கையுமாகப் பின்னாலேயே அலைந்தேன். அத்தை நல்லவள். "இந்த முருங்கைக்கீரப் பொரியல் அமிர்தமா இருக்குது, இன்னும் கொஞ்சம் போடு" என்று வாயாரப் புகழ்ந்து சாப்பிட்டாள்.

தீபத்தன்று சாயங்காலம் சந்தில் இருந்த எல்லாரும் மலையைப் பார்த்து நின்றோம். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அரோகரா என்று கத்தியது. அத்தை கண்ணீர் விட்டாள். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். நானும் கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடி, சாமி, இது சீக்கிரம் அணைந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டி முடித்த பிறகுதான் என்ன வேண்டினேன் என்பது உறைத்தது. எத்தனையோ ஊரிலிருந்து நடந்து வந்து பார்க்கிற தீபத்தை அணையச் சொல்லியிருக்கிறேன். சாமிக்குக் கோபம் வந்தால் யாரைத் தண்டிக்கும்? என்னைத் தண்டித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கால் வலிக்கிற வரைக்கும் தோப்புக்கரணம் போட்டேன். அன்று சாயங்காலம் மலையைப் பார்த்தபோது மறுபடியும் அதே வேண்டுதல்தான் வந்தது. மூன்றாம் நாள் மேகம் மூடிச் சுடர் தெரியவில்லை. அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். அரைமணி நேரத்தில் மேகம் விலகியது. நெய் ஊற்றி ஊற்றி நன்றாக எரிய விட்டிருந்தார்கள்.

இப்படிப் பதினோரு நாள். பயந்துகொண்டே வேண்டினேன், வேண்டிவிட்டுப் பயந்தேன். அம்மாவுக்கு நாளுக்கு நாள் மூச்சு இரைப்பது அதிகமானது. ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. சுவரைச் சுரண்டும் ஆசையும் குறைந்துவிட்டது என்றாள். என் பலப்பம் பையிலேயே பத்திரமாக இருந்தது. கடைசியில் தீபம் எரிந்த கொப்பரையை மலையிலிருந்து இறக்கினார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் தங்கை பிறந்தாள். கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தாள். அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போய், அப்பாவும் அவரோடு வேலை செய்த கண்டக்டரும் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று நாள் எங்களை உள்ளே விடவில்லை. நாலாவது நாள் போனபோது அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள். நான் கொடுத்த மாத்திரையால்தான் பிழைத்தாள் என்று ரொம்ப வருஷம் பெருமையாக இருந்தேன். கொஞ்சம் உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது தீபம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பாய் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒன்றுக்கு இரண்டாகச் சுவரொட்டி எடுத்து வைத்து, "உங்கம்மாவுக்குன்னு சொல்லிக் குடு" என்று என் கையில் இலையில் கட்டிக் கொடுத்தார். நான் ஓடியே வந்தேன். அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு மண்சட்டியில் வறுத்தாள். மூன்று வாரம் கழித்து வரும் கறி வாசனை. சந்து முழுக்க மணத்தது. தம்பி அடுப்படியை விட்டு நகரவில்லை.

அப்பா டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டு, சட்டியிலிருந்து அள்ளி வைத்தாள். "எனக்கு எதுக்கு? நீ சாப்பிடு, உனக்குத்தான வாங்கனது" என்றார் அப்பா. "வண்டி ஓட்டற ஒடம்பு. சாப்பிடுங்க, நெறைய இருக்குது" என்றாள். தம்பி தட்டிலும் வைத்தாள். என் தட்டிலும் வைத்தாள்.

"உனக்கு எங்கம்மா?" என்றேன்.

"சட்டியில இருக்குதுடி. நான் அப்புறம் நிம்மதியா சாப்பிடறேன்."

நான் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. தம்பி இன்னும் வேண்டும் என்றான், கிடைத்தது. நானும் கேட்டேன், எனக்கும் கிடைத்தது. எல்லாரும் எழுந்த பிறகு அம்மா அடுப்படிக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மாத்திரைக்கு மட்டும் அவள் முன்னால் போய் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொன்னேன்.

பாத்திரம் கழுவுவது என் வேலை. கறி ஆக்கிய சட்டி என்றால் அடியில் மசாலா பிடித்துக்கொண்டு, சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும். அன்று அம்மா சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஒட்டியிருந்த மசாலாவைச் சுற்றிச் சுற்றித் துடைத்துச் சாப்பிட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றி ஒரு அலசு அலசியதும் வேலை முடிந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பாய் கூப்பிட்டு நிறுத்தினார். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் சாப்பிட்டாங்க பாய்" என்றேன். "சட்டியில ஒரு பொட்டு கூட மிச்சம் இல்ல. நான்தான் கழுவினேன்."